குஞ்சப்பனை இறக்கத்தில் இன்ஜின் நின்றுவிடுகிறது. ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போய்விட்டது என்கிறார்கள், மாற்றத்தான் வேண்டுமா?

அரவேணு இலைக்காரர் (ஜூன் 14, இரவு 9.20)

எல்லோருக்கும் வணக்கம். நான் கோத்தகிரி தாலுக்கா, அரவேணு பக்கத்து ஹட்டி (படுகர் கிராமம்) ஒன்றில் இருக்கிறேன். ஒன்றரை ஏக்கர் தேயிலை. வீட்டில் இருப்பது ஒரே கார், அப்பா வாங்கியது. 2011 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர், இதுவரை 94,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அம்மாவுக்குக் கண்ணில் ஊசி போட மாதம் ஒரு தடவை கோயம்புத்தூர் போக வேண்டும். காலை எட்டு மணிக்கு டோக்கன் என்பதால் ஐந்து மணிக்கே வீட்டை விட்டு இறங்கிவிடுவோம்.

இப்போது விஷயம். மூன்று மாதத்தில் மூன்று தடவை இறக்கத்தில் இன்ஜின் நின்றுவிட்டது. மூன்றும் விடிவதற்கு முன்னால், நல்ல பனிமூட்டத்தில். வளைவுக்கு முன் கிளட்சை மிதித்துக் கியரைக் குறைக்கும்போது வண்டி குலுங்கும், பெட்ரோல் வாடை அடிக்கும், செக் இன்ஜின் லைட் எரியும், ஆஃப் ஆகிவிடும். இன்ஜின் நின்றதும் ஸ்டீயரிங் கல் மாதிரி ஆகிறது. பிரேக்கும் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு கட்டையாகிவிடுகிறது. உடனே ஸ்டார்ட் செய்தால் செல்ஃப் சுற்றுமே தவிர இன்ஜின் பிடிக்காது. பத்து நிமிடம் பொறுத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது.

இரண்டாவது தடவை நின்றது குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் மேலே. பலாப்பழக் காலத்தில் அங்கே யானை வரும் என்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா பின் சீட்டில், வெளியே ஒன்றும் தெரியவில்லை, பலாப்பழ வாசம் மட்டும் வருகிறது. அந்தப் பத்து நிமிடத்தை நான் மறக்க மாட்டேன்.

இது போக, ஒருநாள் பட்டப்பகலில் கட்டபெட்டு ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கியபோது பெட்ரோல் தீர்ந்தது போல ஒரு வெட்டு வெட்டி, தானே சரியானது. அப்போது வாடை எதுவும் இல்லை.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள். நான்கு கோடு (பிழையைச் சொல்லும் குறியீடு) வந்தது: பி 0107, பி 0108, பி 0122, பி 0123. மேப் சென்சார் (இன்ஜின் இழுக்கும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) போய்விட்டது என்று மாற்றினார்கள், 2,600 ரூபாய். மறு மாதமே மறுபடி நின்றது. இரண்டாவது ஒர்க்‌ஷாப்பில், "ஒரே சென்சாரை லோ என்றும் சொல்கிறது, ஹை என்றும் சொல்கிறது, அப்படியென்றால் ஈசியூவே குழம்பிவிட்டது, மாற்ற வேண்டும்" என்று 22,000 சொல்கிறார்கள். கொழுந்து விலை இப்போது இருக்கும் நிலையில் எனக்கு அது பெரிய தொகை. மாற்றினால் சரியாகும் என்று தெரிந்தால் கடன் வாங்கியாவது மாற்றிவிடுவேன். அதைத்தான் கேட்கிறேன்.

போன ஒரு வருடத்தில் செய்த வேலைகள்: புது பேட்டரி, கிளட்ச் பிளேட், முன்பக்கம் இரண்டு மஞ்சள் ஃபாக் லைட், பின் ஷாக் அப்சார்பர். என்னிடம் ஒரு மல்டிமீட்டரும் ஒரு ப்ளூடூத் ஸ்கேனரும் இருக்கின்றன.

பவானிக்கரை (ஜூன் 14, இரவு 10.05)

என் மாமா வண்டியிலும் இதே மாதிரி சம்பந்தமில்லாத கோடுகள் வந்தன. கடைசியில் ஈசியூதான். கோவை உக்கடத்தில் பழசு ஒன்று 4,000க்குக் கிடைத்தது. ஆனால் அப்படியே மாற்றினால் ஸ்டார்ட் ஆகாது, சாவியின் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) கோடு பழைய ஈசியூவோடு பூட்டியிருக்கும். அதைக் காப்பி செய்து கொடுக்கத் தனியாகக் கூலி. எல்லாம் சேர்த்தாலும் 22,000 ஆகாது. புதிதாக வாங்காதீர்கள்.

ஊட்டி டாக்ஸி 43 (ஜூன் 15, காலை 6.30)

நண்பரே, முதலில் ஒன்று. அந்த மேப் சென்சாரை எதை வைத்துப் போய்விட்டது என்று சொன்னார்கள்? நான் ஊட்டியில் 17 வருடமாக வண்டி ஓட்டுகிறேன். கீழே இருந்து வரும் மெக்கானிக்குகள் ஸ்கேனரைப் போட்டுப் பார்த்துவிட்டு "மேப் ரீடிங் குறைவாக இருக்கிறது" என்று சொல்வதை நாலைந்து தடவை கேட்டிருக்கிறேன். இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் ஆன் செய்திருக்கும்போது மேப் சென்சார் காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தம்தான். கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கல். மேட்டுப்பாளையத்தில் 97 வாக்கில் இருக்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், இங்கே 77, 78தான் காட்டும். அது சென்சாரின் குறை இல்லை, மலையின் உயரம். உங்கள் வண்டியில் எவ்வளவு காட்டுகிறது என்று சொல்லுங்கள்.

அரவேணு இலைக்காரர் (ஜூன் 15, காலை 7.45)

இப்போதுதான் பார்த்தேன் அண்ணா. வீட்டு வாசலில் சாவி ஆன், இன்ஜின் ஆஃப்: 83. கோத்தகிரி டவுனுக்குப் போனால் 82. பழைய சென்சார் இன்னும் வீட்டில் இருக்கிறது, அதையும் மாட்டிப் பார்த்தேன். அதுவும் 83. நல்ல சென்சாரைத்தான் கழற்றிப் போட்டிருக்கிறார்கள்.

குன்னூர் எலக்ட்ரீஷியன் (ஜூன் 15, இரவு 8.50)

தம்பி, ஈசியூவில் கை வைக்காதீர்கள். யாரையும் கை வைக்க விடவும் வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். நான் குன்னூர் பெட்ஃபோர்ட் பக்கம் 22 வருடமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை செய்கிறேன்.

பி 0107 என்றால் மேப் சென்சார் சிக்னல் அளவுக்குக் கீழே. பி 0108 அளவுக்கு மேலே. பி 0122 த்ராட்டில் சென்சார் (காற்று போகும் வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வது) கீழே, பி 0123 மேலே. அதாவது இரண்டு சென்சார், இரண்டும் ஒன்றாக விழுகின்றன, ஒன்றாக எகிறுகின்றன. ஒரு வீட்டில் ஹால் பல்பும் சமையலறை பல்பும் ஒரே நேரத்தில் மங்கினால் பல்பையா மாற்றுவோம்? இரண்டுக்கும் பொதுவாக எது போகிறது என்று பார்ப்போம்.

இந்த இரண்டு சென்சாருக்கும் பொதுவானது 5 வோல்ட் லைன். பேட்டரியின் 12 வோல்ட்டை ஈசியூ உள்ளே வாங்கி, நிலையான 5 வோல்ட்டாக்கி ஒரு வயரில் வெளியே அனுப்புகிறது. அந்த வயர் வயரிங் கட்டுக்குள்ளேயே கிளை பிரிந்து மேப் சென்சார், த்ராட்டில் சென்சார், இன்னும் ஒன்றிரண்டு இடங்களுக்குப் போகும். சென்சார் அந்த 5 வோல்ட்டில் ஒரு பங்கை மட்டும் சிக்னலாகத் திருப்பி அனுப்புகிறது. த்ராட்டில் மூடியிருந்தால் அரை வோல்ட் வாக்கில், முழுக்கத் திறந்தால் நாலரை வாக்கில். அந்த 5 வோல்ட் பூஜ்யமானால் எல்லாச் சிக்னலும் விழும். 5க்கு மேலே ஏறினால் எல்லாச் சிக்னலும் ஏறும்.

சரி, ஈசியூ உள்ளே அந்த 5 வோல்ட் பகுதியே கெட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். கெடலாம். ஆனால் கெட்ட ஈசியூ பனிமூட்டத்துக்கும் பள்ளத்துக்கும் காத்திருக்காது. அதோடு அது சில நேரம் பூஜ்யம், சில நேரம் 5க்கு மேல் என்று இரண்டு பக்கமும் போவது அபூர்வம்.

நான் எழுதுவதில் இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். இந்த 5 வோல்ட் வயர் வெளியே எங்கேயோ தோல் உரிந்து இன்னொன்றின் மேல் படுகிறது. பாடியில் பட்டால் பூஜ்யம் மட்டும்தான் ஆகும், மேலே ஏறாது. பேட்டரி வயரில் பட்டால் மேலே ஏறுமே தவிர பூஜ்யம் ஆகாது. உங்கள் வண்டியில் இரண்டும் ஆகிறது. சில நேரம் 12 வோல்ட்டாகவும் சில நேரம் எர்த்தாகவும் இருக்கும் வயர் எது? பல்புக்குப் போகும் வயர். சுவிட்ச் போட்டால் அதில் 12 வோல்ட். சுவிட்சை அணைத்தால், பல்பின் இழை வழியாக அது எர்த்தோடு சேர்ந்திருக்கும். 55 வாட் பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது மீட்டரில் பாருங்கள், ஒரு ஓம்கூட இருக்காது. அந்த வயரில் 5 வோல்ட் பட்டால் எர்த்தில் பட்ட கணக்குத்தான்.

நீங்கள் பனிமூட்டத்தைக் குறை சொல்கிறீர்கள். பனிமூட்டத்தில் மட்டும் நீங்கள் போடுவது எது? மஞ்சள் ஃபாக் லைட். போன வருடம்தான் போட்டிருக்கிறீர்கள். மூன்று தடவையும் அது எரிந்துகொண்டிருந்ததா? வண்டி நின்ற பிறகு பேட்டரி இறங்காமல் இருக்கட்டும் என்று லைட்டையெல்லாம் அணைத்தீர்களா? கட்டபெட்டுப் பள்ளத்தில் பகல் என்பதால் லைட் அணைந்திருக்கும், அதனால்தான் அங்கே வாடை இல்லாமல் பெட்ரோல் வெட்டியது போல இருந்தது என்று நினைக்கிறேன்.

வளைவில் மட்டும் நிற்பதற்கும் காரணம் இருக்கிறது. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டுக் கியரில் இறங்கும்போது ஈசியூ பெட்ரோலை நிறுத்திவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது சென்சார் பொய் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. வளைவில் கிளட்சை மிதித்ததும் இன்ஜின் தன் காலில் நிற்க வேண்டும். அந்த நேரம் மேப் "காற்று நிறைய" என்கிறது, த்ராட்டில் "முழுக்கத் திறந்திருக்கிறது" என்கிறது. ஈசியூ நம்பிப் பெட்ரோலை ஊற்றுகிறது, இன்ஜின் மூழ்குகிறது. ஒரு சென்சார் மட்டும் போயிருந்தால் மற்றதை வைத்து ஈசியூ சமாளித்து ஓட்டியிருக்கும், இரண்டும் போனால் அதற்குப் பிடிக்கக் கொம்பே இல்லை. இன்னொன்று, பல வண்டிகளில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் ஈசியூ பெட்ரோலே தராது. மூழ்கிய இன்ஜினைக் காய வைக்க அப்படி ஒரு ஏற்பாடு. உங்கள் கால் ஆக்சிலரேட்டரில் இல்லை, ஆனால் சென்சார் முழு மிதி என்று சொல்கிறதே. உடனே ஸ்டார்ட் ஆகாததற்கு அது காரணமாக இருக்கலாம்.

இனி செய்ய வேண்டியது. முதலில் எர்த். இன்ஜின் ஓடட்டும், ஹெட்லைட் எரியட்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் முனையிலும், மற்றதை ஈசியூவின் எர்த் வயர் பாடியில் போல்ட் போட்ட இடத்திலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். நம் ஊர் ஈரத்தில் இந்த போல்ட்டுகள் துருப்பிடித்துப் பேய் மாதிரி ஆட்டும், அதனால் இதைப் பார்க்காமல் நான் வேறு எதையும் பார்ப்பதில்லை.

அப்புறம், சாவி ஆஃப் செய்துவிட்டு மேப் சென்சார் கப்ளரைக் (வயர் மாட்டும் பிளக்) கழற்றுங்கள். மறுபடி சாவி ஆன். கப்ளரில் மூன்று பின் இருக்கும், எதில் 5 வோல்ட் வருகிறது என்று பாருங்கள். கருப்பு முனை பேட்டரி நெகட்டிவில் இருக்கட்டும். 4.9 முதல் 5.1 வரை இருந்தால் சரி. அப்படியே மீட்டரைக் கட்டி வைத்துவிட்டு, இன்னொருவரை முன்பக்கத்து வயரிங்கைக் கையால் ஆட்டச் சொல்லுங்கள். ஃபாக் லைட்டை அணைத்து ஒரு தடவை, போட்டு ஒரு தடவை. வயரின் தோலில் ஊசி குத்தாதீர்கள், அந்த ஓட்டை வழியாக ஈரம் இறங்கும். டெஸ்ட் லேம்ப்பும் வேண்டவே வேண்டாம். 21 வாட் பல்பு கிட்டத்தட்ட இரண்டு ஆம்பியர் இழுக்கும், சென்சார் லைன் அதைத் தாங்காது.

ஒரு குறிப்பு. உங்கள் வண்டியில் ஏசி பைப்பில் மூன்று வயர் வரும் பிரஷர் சென்சார் இருந்தால், அதுவும் இதே 5 வோல்ட்டில் இருக்க வாய்ப்பு அதிகம். அது ரேடியேட்டர் முன்னால், கிரில்லை ஒட்டி இருக்கும். மலையில் யாரும் ஏசி போடுவதில்லை என்பதால் அந்த வயரை யாரும் நினைத்தே பார்ப்பதில்லை. ஃபாக் லைட் வயரும் அங்கேதான் போகும்.

அரவேணு இலைக்காரர் (ஜூன் 16, மாலை 6.15)

அண்ணா, படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. மூன்று தடவையும் ஃபாக் லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. மூன்று தடவையும் நின்றதும் லைட்டை அணைத்துவிட்டுப் பார்க்கிங் இண்டிகேட்டர் மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டபெட்டில் மத்தியானம், லைட் எதுவும் இல்லை.

இன்று கொழுந்து கொடுத்துவிட்டு வந்து, தம்பியை வைத்துக்கொண்டு பார்த்தேன். எர்த்: 0.03 வோல்ட். மேப் கப்ளரில் 5.01 வோல்ட், அசையாமல் நின்றது. பேட்டரி பக்கம் ஆட்டினோம், ஒன்றுமில்லை. த்ராட்டில் பக்கம் ஆட்டினோம், ஒன்றுமில்லை. அரை மணி நேரம் இப்படியே போனது, வேறு எங்கேயோ என்று நினைத்துவிட்டேன். அப்புறம் தம்பி முன் பம்பரின் இடது மூலையைக் காலால் அழுத்தி விட்டான். மீட்டரில் 5.01 போய் 0.04 வந்து, மறுபடி 5.01.

ஃபாக் லைட்டைப் போட்டுவிட்டு மறுபடி அழுத்தச் சொன்னேன். 11.9.

நாலைந்து தடவை செய்தோம். லைட் ஆஃப் என்றால் விழுகிறது, ஆன் என்றால் ஏறுகிறது. நீங்கள் எழுதியபடியே. இருட்டிவிட்டது, மழையும் தூறுகிறது. நாளைக்குப் பம்பரைக் கழற்றுகிறேன். 12 வோல்ட் பாய்ந்ததால் ஈசியூ கெட்டுப் போயிருக்குமா?

குன்னூர் எலக்ட்ரீஷியன் (ஜூன் 16, இரவு 9.10)

பெரும்பாலான ஈசியூக்களில் இந்த 5 வோல்ட் வெளியே போகும் இடத்தில், எர்த்தில் பட்டாலும் பேட்டரியில் பட்டாலும் தாங்குவதற்குப் பாதுகாப்பு வைத்திருப்பார்கள். லைன் இன்னும் 5.01 காட்டுகிறது, 83 சரியாக வருகிறது. அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் இனி ஒரு தடவைகூட ஃபாக் லைட்டைப் போடாதீர்கள், அதன் ரிலேயைக் (லைட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்ச்) கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பம்பரைக் கழற்றும் முன் பேட்டரி நெகட்டிவை எடுத்துவிடுங்கள். வயரிங்கை இழுத்துப் பார்க்காமல், முதலில் இருக்கிற இருப்பிலேயே ஒரு போட்டோ எடுங்கள்.

அரவேணு இலைக்காரர் (ஜூன் 17, மாலை 5.30)

கிடைத்துவிட்டது.

பம்பர் கழற்ற ஒரு மணி நேரம் ஆனது, இரண்டு கிளிப் உடைந்தது. இடது ஃபாக் லைட்டைத் தாங்க ஒரு இரும்புப் பட்டை அடித்திருக்கிறார்கள். அதன் விளிம்பைத் தேய்க்கவே இல்லை, வெட்டியபடி கத்தி மாதிரி இருக்கிறது. ஃபாக் லைட்டுக்குப் போகும் சிவப்பு வயரைத் தனியாகக் கட்டாமல், ஏற்கெனவே அங்கே போய்க்கொண்டிருந்த மெல்லிய வயரிங்கோடு சேர்த்து ஒரே கேபிள் டையில் இறுக்கி, அந்தப் பட்டையின் மேலேயே படுக்க வைத்திருக்கிறார்கள். அந்த மெல்லிய வயரிங்கைப் பிடித்துக்கொண்டே போனேன். ஏசி பைப்பில் இருக்கும் சென்சாரில் முடிகிறது. மூன்று வயர்.

டையை வெட்டியதும் மேலே இருந்த கருப்பு டேப் தானாகப் பிரிந்து வந்தது, உள்ளே ஒரே ஈரம். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சிவப்பு வயரில் ஒரு அரிசி நீளத்துக்குத் தோல் இல்லை, செம்பு கருத்திருந்தது. அதற்கு நேர் எதிரே மெல்லிய வயரிலும் அதே நீளம் உரிந்திருந்தது. அதில் மட்டும் செம்பு புதிதாகப் பளபளவென்று இருந்தது, தினமும் உரசி உரசி. ஓரத்தில் இரண்டு இழை அறுந்து, முடி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. பட்டை ஆடும்போது இரண்டும் முத்தமிட்டு விலகும். பனிமூட்டமும் இல்லை, ஈசியூவும் இல்லை. இந்த அரிசி அளவுதான் என் அம்மாவை யானைப் பாதையில் உட்கார வைத்தது.

ஃபாக் லைட் போட்ட கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. போய்ச் சொல்லப் போகிறேன், சண்டைக்கு இல்லை. அவர் நம் பக்கத்தில் இன்னும் எத்தனை வண்டிகளில் இதே பட்டையை அடித்திருக்கிறாரோ.

இப்போது இந்த வயரை எப்படி ஒட்டுவது? முறுக்கி டேப் சுற்றினால் போதுமா?

பவானிக்கரை (ஜூன் 17, இரவு 7.00)

நான் சொன்னதைக் கேட்டிருந்தால் அந்த 4,000 வீணாகியிருக்கும், நண்பரே. மன்னிக்கவும். மாமா வண்டியில் மாற்றிய ஈசியூவையும் இப்போது சந்தேகமாகத்தான் நினைக்கிறேன். அதிலும் சென்சார் கோடுகள் இரண்டிரண்டாகத்தான் வந்தன. ஜோடு போட வேண்டுமென்றால் சால்டரிங் வைத்துவிடுங்கள், அதுதான் கெட்டி.

குன்னூர் எலக்ட்ரீஷியன் (ஜூன் 17, இரவு 9.40)

நல்ல வேலை தம்பி. போட்டோவில் பட்டையின் விளிம்பு தெளிவாகத் தெரிகிறது.

முறுக்கி டேப் சுற்றுவது இந்த மலையில் கூடவே கூடாது. குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகை மழை, கூடலூர் பக்கம் ஆனி ஆடி மழை, நடுவில் மூட்டம். டேப்பின் பசை ஆறு மாதத்தில் கழன்றுவிடும். செம்பு இழைகளுக்கு நடுவே தண்ணீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறும். ஒரு வண்டியில் பம்பர் பக்கத்தில் போட்ட ஜோடிலிருந்து உள்ளே ஈசியூ கப்ளர் வரைக்கும் ஈரம் ஏறி, பின்னெல்லாம் பச்சைக் களிம்பு பிடித்திருந்ததை நானே சுரண்டி எடுத்திருக்கிறேன்.

சால்டரிங் பற்றி: உட்காரும் இடத்தில் அது நல்லதுதான். ஆனால் ஈயம் ஏறிய இடம் கம்பி மாதிரி விறைத்துவிடும். ஆடும் இடத்தில் அந்த விறைப்பு முடியும் முனையில்தான் வயர் அறும். பம்பர் பக்கம் எப்போதும் ஆடும் இடம். அதனால் நான் சரியான அளவு செம்பு ஸ்லீவ் போட்டு, கிரிம்பிங் பிளையரில் நன்றாக அழுத்தி, அதன் மேல் உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும்) ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டுவேன். இரண்டு முனையிலும் பசை பிதுங்கி வெளியே வர வேண்டும், அப்போதுதான் தண்ணீர் நிற்கும். சாதாரண ஸ்லீவில் பசை இருக்காது, கேட்டு வாங்குங்கள். உரிந்த இடத்தை மட்டும் மூடாமல், கருத்த செம்பு முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டு அதே கனத்தில் புது வயர் இணைத்துவிடுங்கள்.

கையால் முறுக்கிய ஜோடு மீட்டரில் ஓம் பார்த்தால் நன்றாகவே காட்டும். ஒரே ஒரு இழை ஒட்டியிருந்தாலும் ஓம் மீட்டருக்குப் போதும். ஃபாக் லைட் வயரை ஒட்டிய பிறகு பல்பை எரியவிட்டு, ஜோடின் இரண்டு பக்கமும் மீட்டரை வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் ஜோடு சரியில்லை.

இனி ஃபாக் லைட் வயர் தனி வழியில் போகட்டும், நெளி டியூப் போட்டு. பட்டையின் விளிம்பை அரம் வைத்து மழுங்கத் தேய்த்து, ரப்பர் கொடுங்கள். அந்தக் கடைக்காரர் ஃபியூஸ் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். 55 வாட் இரண்டு, 110 வாட், ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த சிவப்பு வயர் பாடியில் பட்டிருந்தால் தீப்பிடித்திருக்கும்.

அரவேணு இலைக்காரர் (ஜூன் 18, இரவு 8.00)

ஃபியூஸ் இல்லை அண்ணா. பேட்டரியிலிருந்து நேராக ரிலேக்கு வந்திருக்கிறது. இன்று போட்டுவிட்டேன். ஸ்லீவ் கோத்தகிரியில் கிடைக்கவில்லை, குன்னூரிலிருந்து வாங்கி வந்தேன். 5 வோல்ட் வயர், அதன் பக்கத்து இரண்டு வயர், சிவப்பு வயர், நான்கையும் வெட்டிப் புதிதாக இணைத்தேன். ஜோடுகள் ஒன்றுக்கொன்று நேராக வராமல் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறேன். சிவப்பு வயர் ஜோடில் 0.02 வோல்ட். பம்பரை மாட்டாமலேயே தம்பி ஏறி நின்று குலுக்கினான், 5.01 அசையவில்லை. அப்புறம் தேயிலைக்கு வாங்கி வைத்த கை ஸ்பிரேயர், இன்னும் மருந்து படாத புதுசு, அதில் தண்ணீர் நிரப்பிக் கால் மணி நேரம் வயரிங் முழுக்க மழை பெய்வது போல அடித்தோம். அப்போதும் 5.01.

கோடுகளை அழித்துவிட்டேன். 22,000 சொன்ன ஒர்க்‌ஷாப்பில் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மொத்தச் செலவு, உடைந்த கிளிப்பும் சேர்த்து, 640 ரூபாய்.

ஊட்டி டாக்ஸி 43 (ஜூன் 19, காலை 6.10)

கீழே போகும்போது ஸ்கேனரை மாட்டியே வையுங்கள். மேப் ரீடிங் திரையில் இருக்கட்டும். அடுத்த தடவை எழுதுங்கள்.

அரவேணு இலைக்காரர் (ஜூலை 10, இரவு 9.30)

இன்று போய்விட்டு வந்தோம். காலை ஐந்து மணிக்கு இறங்கும்போது அரவேணுவிலிருந்தே மூட்டம், பத்தடிக்கு மேல் தெரியவில்லை. ஃபாக் லைட்டைப் போட்டேன். கையை எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் சுவிட்ச் மேலேயே விரலை வைத்திருந்தேன். முதல் வளைவு, இரண்டாவது வளைவு, கிளட்சை மிதித்தால் ஆர்பிஎம் 800க்கு இறங்கி நின்றது. குஞ்சப்பனையில் பலாப்பழத் தோல் ரோட்டில் கிடந்தது, ராத்திரி வந்து போயிருக்கிறது. நிற்காமல் தாண்டினோம். அம்மா அரவேணு தாண்டியதும் தூங்கியவர்தான், மேட்டுப்பாளையம் வந்துதான் கண் திறந்தார்.

அங்கே டீ குடிக்க நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு சாவியை மட்டும் ஆன் செய்து பார்த்தேன். மேப் 97. கோடு எதுவும் இல்லை.